வில்லங்கச் சான்றில் தெரியாத வில்லங்கம்

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் சமுதாயத்தில் ஒருவர் பதினைந்து ஆண்டுகள் வளைகுடா வெயிலில் காய்ந்து சேர்க்கும் பணம் கடைசியில் எங்கே போகிறது? ஒரு மனைக்கு, அல்லது ஒரு வீட்டுக்கு. கடைவீதியில் ஆயுள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தவரின் சேமிப்பும் அங்கேதான் போகிறது. நூறு ரூபாய்ச் சரக்கைப் புரட்டிப் பார்த்து வாங்கும் நாம், முப்பது லட்ச ரூபாய் வீட்டைப் புரோக்கரின் வாய்ச்சொல்லை நம்பி வாங்குகிறோம். கடனைக் கூட எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்லும் வேதம் நம் கையில் இருக்கிறது (அல்பகரா 282). எழுத்தில் ஏமாறுகிறவர்களிலும் நாம்தான் முன்னால் நிற்கிறோம்!

என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இன்று பதில் சொல்கிறேன்.

"முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. போதாதா?"

போதாது சகோதரரே! வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல் மட்டுமே. பதிவாகாத எதுவும் அதில் வராது. ஒருவர் மவுத்தாகி, அவருடைய பிள்ளைகளுக்குச் சொத்து இறங்கியதை எந்தச் சார்பதிவாளரும் பதிவதில்லை. வாய்மொழியாகக் கொடுக்கப்பட்ட ஹிபாவும் அதில் இருக்காது. முஸ்லிம்களின் ஹிபா எழுதப்பட்டிருந்தாலும்கூட அதைப் பதிவு செய்தாக வேண்டியதில்லை என்று 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கொடுப்பதாகச் சொல்வது, பெறுபவர் ஏற்பது, அனுபவத்தை ஒப்படைப்பது ஆகிய மூன்றும் நடந்திருந்தால் போதும். ஆகவே காகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். நேரில் போய், வீட்டில் குடியிருப்பவர் யார், எந்த உரிமையில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

"பட்டா அவர் பெயரில்தானே இருக்கிறது?"

பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அது உடைமைக்குத் துணைச் சான்றே தவிர, உரிமைப் பத்திரம் ஆகாது. மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை ஒரு கண்ணி விடாமல் பத்திரங்கள் தொடர்கின்றனவா, சர்வே நம்பரும் நான்கு எல்லைகளும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு வழக்கறிஞரை வைத்துப் பாருங்கள். ஜெராக்ஸைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அசல் பத்திரம் அடமானத்தில் இருக்கலாம்.

இப்போது நம் சமுதாயத்துக்கே உரிய பெரிய கேள்விக்கு வருகிறேன்.

"அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். வேறென்ன வேண்டும்?"

அவர்களின் தாயார் எங்கே? சகோதரி எங்கே? ஒரு கணக்குச் சொல்கிறேன். தகப்பனார் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். சொத்தை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. தகப்பனார் கண்மூடிய அந்த நொடியிலேயே இந்தப் பங்குகள் அவரவருக்குச் சொந்தமாகிவிடுகின்றன. மூத்த மகன் என்பதற்காகக் கூடுதல் அதிகாரம் எதுவும் நம் சட்டத்தில் கிடையாது. ஆக, இரு சகோதரர்கள் மட்டும் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தில் நீங்கள் வாங்கியது 28 பங்குதான். முழு விலை கொடுத்திருப்பீர்கள், மாடியும் கட்டியிருப்பீர்கள். மீதி 12 பங்கு அந்தத் தாய்க்கும் மகளுக்கும் சொந்தமாகவே இருக்கிறது. நாளை அவர்கள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், "எனக்குத் தெரியாது" என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது.

"கல்யாணத்தில் நகை போட்டுச் சீர் செய்தாகிவிட்டது, அவளுக்குப் பங்கில்லை" என்பார்கள். அது சட்டமும் அல்ல, மார்க்கமும் அல்ல. தகப்பனார் உயிரோடிருக்கும்போதே மகளிடம் "பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்குவதும் பொதுவாகச் செல்லாது. அவர் இறந்தபின், சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். ஆகவே வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள அத்தனை பேரையும் பத்திரத்தில் கையெழுத்திடச் செய்யுங்கள்.

வாரிசுகளில் மைனர் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. நம் சட்டப்படி தகப்பனாரும், பாட்டனாரும், அவர்கள் நியமித்தவரும்தான் மைனர் சொத்துக்குக் காப்பாளர்கள். தாயாரோ அண்ணனோ மைனரின் அசையாச் சொத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. நீதிமன்றத்தால் காப்பாளராக நியமிக்கப்பட்டு, அனுமதியும் பெற்றுத்தான் விற்க முடியும். யத்தீமின் சொத்து நெருப்பு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"பவர் வாங்கிக் கொண்டால் போதும் என்கிறார்களே?"

பவர் பத்திரம் உங்களைச் சொந்தக்காரர் ஆக்காது. இதையும் 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். சவூதியிலோ துபாயிலோ இருப்பவர் கொடுத்த பவரை வைத்து வாங்குகிறீர்களா? அவரிடம் நேரடியாகப் பேசுங்கள். உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று உறுதி செய்யுங்கள்.

"பணத்தை எப்படிக் கொடுப்பது?"

வணிகர்களே, இதைக் கவனியுங்கள். 2015 ஜூன் முதல், சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம். வங்கி வழியாகக் கொடுங்கள். அதுவே நாளை உங்கள் சாட்சி. தமிழகத்தில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதை மிச்சப்படுத்த விலையைக் குறைத்துக் காட்டினால், பிரச்சினை வரும்போது காகிதத்தில் உள்ள தொகையைத்தான் உங்களால் நிரூபிக்க முடியும். எழுதிய பத்திரத்தை 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கடைசியாக ஒன்று. விலை மலிவு என்று வக்ஃபு நிலத்தில் கால் வைக்காதீர்கள். முத்தவல்லி நிர்வாகியே தவிர, சொந்தக்காரர் அல்லர். அவர் எழுதிக் கொடுத்தால் சொத்து உங்களுடையதாகிவிடாது. ஒருமுறை வக்ஃபு செய்யப்பட்டது என்றைக்கும் வக்ஃபுதான் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் முன்னோர் அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்றதை மற்றவர்கள் அபகரிக்கும்போது மேடை போட்டுக் குரல் கொடுக்கிறோம். அதையே நம்மவர் ஒருவர் கிரயம் வாங்கினால் மட்டும் வாய் மூடி இருக்கலாமா?

சகோதரர்களே! வாங்கப் போகிறவர்களாகவே உங்களிடம் இவ்வளவு நேரம் பேசினேன். ஆனால் உங்களில் பலர் விற்கப் போகிறவர்கள். தகப்பனார் சொத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். நீதிமன்றம் கேட்பதற்கு முன், ரப்புல் ஆலமீன் கேட்பதற்கு முன், இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் சகோதரியைக் கூப்பிட்டு, அந்த 7 பங்கைப் பற்றிப் பேசுங்கள். வில்லங்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதைத் தீர்க்க வேண்டியதும் அங்கேதான்.

உரிமையை உரியவரிடம் சேர்க்கும் மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! வஸ்ஸலாம்.