பதிவேட்டில் ஒரு பெயர்



வேற்று நாட்டில் குடியேறுகிறவன் அங்கே முதலில் செய்ய வேண்டிய காரியம் யாது? வீடு பிடிப்பது என்பீர்கள். வேலையில் அமர்வது என்பீர்கள். ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் மாணவனைக் கேட்டால் வேறு விடை சொல்வான். அந்நாட்டில் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்திற்குச் சென்று தன் முகவரியைப் பதிந்துகொள்ளுதல் வேண்டும். ஜப்பானிலும் பதினான்கு நாள் தவணைதான். வரிசையில் நின்று ஒரு தாளை நிரப்பிக் கொடுக்கும் வேலை. அரை மணியில் முடிந்துவிடும். இத்தனை சிறிய காரியத்தைப் பற்றி ஒரு பேச்சா என்று நீங்கள் எண்ணலாம். பெயர் பதிந்ததாலும், பதியாததாலும், பதியக் கூடாமற் போனதாலும் எங்கள் புதுக்கோட்டைச் சீமை மக்கள் பட்டதைச் சொன்னால் அந்த எண்ணம் மாறக்கூடும்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 'கண்டிக்குப் போனவர்கள்' கதை இல்லாத வீடு அரிது. மழை பொய்த்தால் கண்மாய் வற்றும். கண்மாய் வற்றினால் கங்காணி வருவான். அவன் கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாறு சென்றவர்களுக்கு ஒரு தகர வில்லை தரப்பட்டது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். ஆளின் பெயர் மட்டும் இராது. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாள் தங்கிய பின்னர், தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். தோட்டத்தை அடைந்ததும் 'செக்றோல்' எனப்படும் பேர்ப்பட்டியலில் கணக்கப்பிள்ளை அவர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர் காதில் விழுந்தபடி எழுதியதே பெயர். முத்துக்கருப்பன் கருப்பனானான், மீனாட்சிகள் ஒரே தோட்டத்தில் இருபது பேர் இருந்தார்கள். கூலி கொடுப்பதற்கென்று எழுதிய அந்தப் பட்டியல் பிற்காலத்தில் ஒரு மனிதன் எந்த நாட்டவன் என்பதற்குச் சாட்சியாகும் என்று எழுதியவரும் நினைத்திருக்க மாட்டார், எழுதப்பட்டவரும் நினைத்திருக்க மாட்டார்.

1948-ஆம் ஆண்டு இலங்கை சுதந்திரம் அடைந்தது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் குடிமக்கள் அல்லாதவராயினர். அடுத்த ஆண்டு மற்றொரு சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வம்சத்தினர் விண்ணப்பித்துத் தம்மைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ளலாம் என்றது அது. 1946 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும், மணமானவர் ஏழு ஆண்டுகளும் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான நிபந்தனை. தவணை இரண்டே ஆண்டு; 1951 ஆகஸ்டு 5-ஆம் தேதியோடு முடிந்தது.

'இடைவிடாமல்' என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளிநாடு சென்றிருந்தால் வசிப்புத் தொடர்ச்சி அறுந்துவிடும். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வருவதும், குழந்தைக்குக் காது குத்தக் குலதெய்வக் கோயிலுக்கு வருவதும் நம்மவர் வழக்கம். வந்த இடத்தில் தாய்க்கு உடல்நலம் குன்றினாலும், திரும்பக் கப்பற்கூலி சேராவிட்டாலும் ஓராண்டு கடந்துவிடும். அந்த ஓராண்டை எழுதியவர் எவருமிலர். ஆனால் அது நிகழவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது! எழுதப் படிக்க அறியாத தொழிலாளி பிறப்புச் சான்றுக்கு எங்கே போவான்? இதனிடையே, சௌமியமூர்த்தி தொண்டமான் முதலியோர் தலைமை வகித்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் அச்சட்டத்தை எதிர்த்து, விண்ணப்பிக்க வேண்டாம் என்று முதலில் கூறியிருந்தது. பின்னர்தான் மனம் மாறியது. ஆகவே விண்ணப்பங்கள் தவணையின் கடைசிக் காலத்தில் வெள்ளம்போல் வந்து குவிந்தன. எதிர்ப்பின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் லயத்தில் வாழ்ந்த ஏழைகளே என்று எனக்குத் தோன்றுகிறது. எட்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்களுக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

அக்கரையில் இவ்வாறாக, இக்கரையிலும் ஒரு வாசல் இருந்தது. நம் அரசியல் சட்டத்தின் எட்டாம் பிரிவு, வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சத்தவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் தம்மை இந்தியக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழி செய்தது. இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. 1948 மார்ச் 3-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணையும்வரை புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். அதன் குடிகள் பிரிட்டிஷ் இந்தியப் பிரஜைகள் அல்லர். அப்படியாயின் குளத்தூரிலிருந்தோ திருமயத்திலிருந்தோ சென்றவருக்கு இந்த உரிமை உண்டா? உண்டு. அப்பிரிவு 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட இந்தியாவைச் சொல்கிறது. அந்த வரையறை சமஸ்தானங்களையும் உள்ளடக்கியது. ஆனால் இலங்கையிலேயே வாழ விரும்பியவர்கள் இந்த வாசலை நாடத் தயங்கினர். ஒன்றில் பதிந்தால் மற்றொன்று போய்விடுமே என்ற அச்சம். இரண்டிலும் பதியாமல் நாடற்றவராய் நின்றோர் பல லட்சம்.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் என மதிப்பிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எண்ணிப் பங்கிடுவது தேங்காய்க்குத் தகும். இம்முறை பதிவுக்கான பத்திரங்கள் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையுமாக வந்தன. இராமேசுவரத்தில் இறங்கியவுடன் அவ்வட்டையைக் காட்டினால்தான் உதவித்தொகை. அதில் குறித்துள்ளபடியே தேயிலைத் தோட்ட வேலையோ, நூற்பாலை வேலையோ, சிறு வியாபாரக் கடனோ கிடைக்கும். பாட்டன் போன வழியே பேரன் திரும்பினான். அதே மண்டபம் முகாம். ஊரார் அவர்களைப் பெரும்பாலும் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின்னர் வந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் கடவுச்சீட்டோடு வந்தவர்கள் அல்லர். உயிர் தப்பப் படகேறி வந்தவர்கள். மண்டபத்தில் பெயர் பதிந்த பின் தமிழகமெங்கும் உள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். நம் மாவட்டத்தில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய மூன்றிடங்களில் அத்தகைய முகாம்கள் உள்ளன. இவற்றின் பெயர் 2021-இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. இங்கு பதிவு என்பது ஒரு நாளோடு முடிவதன்று. வருவாய்த் துறையினர் குறித்த நாளில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அன்று இல்லாவிட்டால் உதவித்தொகைக்கு இடையூறு.

அவற்றுள் ஒரு முகாமில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் அஞ்சி வவுனியா சென்றவர். 1990-இல் படகில் இராமேசுவரம் வந்தவர். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் தம் காகிதங்களைப் பத்திரப்படுத்தியிருந்தார். முதன்முதலில் பெயர் எழுதிய எழுத்தர், "சொந்த ஊர் எது, பெரியவரே?" என்று கேட்டாராம். இவர் திருமயம் வட்டத்தில் உள்ள தம் பாட்டனாரின் கிராமத்தைச் சொன்னார். எழுத்தர் பேனாவை நிறுத்தினார். "அது இல்லை ஐயா, இலங்கையில் எந்த ஊர்?" என்றார். வவுனியா என்று எழுதப்பட்டது. அந்தக் கிராமம் முகாமிலிருந்து பேருந்தில் சிறிது தொலைவுதான். அங்கே அவருக்குப் பங்காளிகள் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு அழைக்கவும் செய்கிறார்கள். வெளியே இரவு தங்க வேண்டுமானால் அவர் அனுமதி பெற வேண்டும்.

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி வெளிநாட்டினர் பற்றிய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனோடு வெளியான விலக்களிப்பு ஆணை, 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து அரசிடம் பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்துள்ளது. பதிந்துகொண்ட என்ற சொல் அந்த ஆணையில் தெளிவாக இருக்கிறது. அந்த முதியவர் 1990-இல் வாங்கிய சீட்டு அவரைக் காப்பாற்றும். குடியுரிமையை அது தராது. அதற்கு வேறு சட்டம், வேறு விண்ணப்பம். அந்த டின்னில் அதற்கும் இடம் வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.