வெட்சிக்கு ஏற்ற மண்



நிரை கவரச் செல்லும் மறவர் சூடிய பூ வெட்சி. தொல்காப்பியம் புறத்திணைகளுள் அதனையே முதலில் வைத்துள்ளது. நம் பிள்ளைகள் இட்லிப்பூ என்றழைப்பதும் அவ்வினமே. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கில், சனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க்காட்சி கண்டு திரும்புவோர் இச்செடியை வாங்கி வந்து பொம்மசந்திராவில் மதிலோரம் நடுகின்றனர். சில திங்களில் இலை வெளிறுகிறது. "இவ்வூர் மண் ஆகாது" என்று பிடுங்கி எறிவதையும் காண்கிறோம்.

குற்றம் ஊரினுடையதன்று. வெட்சி சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். மதிலின் சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணில் ஊறுகிறது. ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீர் அதனை மிகுவிக்கிறது. அதனால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதனை உறிஞ்ச இயலுவதில்லை. இளம் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பசுமையாய் நிற்பதே இதன் அடையாளம். அந்நிலையில் அதே நீரை மேலும் ஊற்றுவதால் பயனில்லை.

ஆகவே மதிலிலிருந்து 3 அடி தள்ளி, வெயில் படும் இடத்தில் நடுவோம். மட்கிய இலையுரம் இடுவோம். மாடியில் விழும் மழைநீரைச் சேர்த்து ஊற்றுவோம். பூங்கொத்து கிளை நுனியில் தோன்றுவதால், ஓயாது கத்தரித்தால் பூ இராது. பூத்து ஓய்ந்தபின் கத்தரிப்பதே முறை.

வேற்றூரில் வேரூன்ற வேண்டின், வேருக்கேற்ற மண்ணை நாமே ஆக்கித் தருதல் வேண்டும். பூத்தவுடன் வெட்சி என்னும் பழம்பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

வாழ்க தமிழ்!