கேசட்டில் கற்ற தமிழ்

முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுத் தொகுப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு அது ஒரு கேசட். 1985இல் வந்த 'முதல் மரியாதை'. இளையராஜா இசை, வைரமுத்து பாடல்கள்.

நான் யாங்கூனில், போட்டாதாங்கில் வளர்ந்தவன். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தனியார் பள்ளிகளும் அரசின் கைக்குப் போயின. தங்கிவிட்ட குடும்பங்களில் பிறந்த எங்களுக்குப் பள்ளியில் பர்மிய மொழிதான். தமிழ் காதில் இருந்தது, கண்ணில் இல்லை.

அந்தக் கேசட்டில் இருந்தது கிராமத்துத் தமிழ். புரியாத சொல் வந்தால் நிறுத்துவேன். அப்பாயி பொருள் சொல்வார். சில சொற்களுக்கு அவரே யோசிப்பார், ஊரைவிட்டு வந்தபோது அவர் சின்னப் பெண். நாடாவைப் பின்னால் சுற்றி மறுபடியும் கேட்போம். அட்டையில் தமிழில் இருந்த படத்தின் பெயர்தான் நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழ்.

இன்று உங்கள் பிள்ளைகளின் கைபேசியில் எல்லாப் பாட்டும் இருக்கிறது. பாட்டை நிறுத்திப் பொருள் கேட்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அதற்கு நீங்கள் இருக்கிறீர்கள்.