கையைப் பிடிக்கவும் வேணும், விடவும் வேணும்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நமது பயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

மட்டக்களப்பில் பிள்ளை வளர்த்தவர்களுக்குப் பயம் சும்மா வரவில்லை. யுத்த காலத்தில், பாடசாலைக்குப் போன பிள்ளை திரும்பும் வரை தாய் வாசலிலேயே நின்றாள். பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போன காலமும் இருந்தது. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்து, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த நாவலடியில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. அப்போது பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது சரிதான்.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. பயம் இன்னும் முடியவில்லை. பதினைந்து வயசுப் பிள்ளைக்குத் தனியே பஸ் ஏறத் தெரியாது. வாவி ஓரத்தில் பிறந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. “தண்ணிப் பக்கம் போகாத” என்று சொல்லிவிட்டால் போதுமா? தவறி விழுந்தால் அந்தச் சொல் தூக்கிவிடாது, நீச்சல்தான் தூக்கிவிடும்.

யுத்தத்துக்கு நடுவிலும் வேறு விதமாக யோசித்தவர்கள் இருந்தார்கள். 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடா ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் முன்னின்றார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிவந்து, ஒன்றாக விளையாடவும் படம் கீறவும் கதை சொல்லவும் விட்டார்கள். அனுப்பிய தாய்க்கும் நெஞ்சு பதைத்திருக்கும். ஆனால் கூட்டிப்போக ஆள் இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. அதனால் விட்டாள்.

நாமும் அப்படித்தான் படிப்படியாக விட வேண்டும். சாதாரண தரம் சித்தியடைந்த மகளை உயர்தரம் படிக்க டவுனுக்கு விட ஒரு தாய் மறுத்தார். “குமருப் புள்ளய எப்படி ஐயா தனிய விடுற?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதல் மாதம் தாயும் கூடவே பஸ்ஸில் போனார். அடுத்த மாதம் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். பிறகு கூட்டாளிப் பிள்ளைகளோடு அனுப்பினார். இப்போது மகள் தானே போய் வருகிறாள். மறித்திருந்தால் படிப்பு அன்றைக்கே நின்றிருக்கும்.

ஆறேழு வயசில் தன் உடுப்பைத் தானே மடிக்கட்டும். பத்து வயசில் கடைக்குப் போய் மிச்சக் காசை எண்ணிக் கொண்டுவரட்டும். முதலை இல்லாத, ஆழமில்லாத இடத்தில், பெரியவர் பக்கத்தில் நிற்க நீந்தப் பழகட்டும். எங்கே போகிறாய், யாரோடு, எத்தனை மணிக்கு வருவாய் என்ற மூன்றையும் கட்டாயம் கேளுங்கள். யாராவது தொந்தரவு செய்ததாகப் பிள்ளை சொன்னால் ஏசாமல் கேளுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளைக்கும் பாடமாக்குங்கள்.

விடிய வேலைக்கு இறங்கினால் நாம் வீடு வர நேரமாகிறது. அதுவரை பிள்ளையைக் காக்கப்போவது அதன் சொந்தப் புத்திதான். ஆகவே இந்தக் கிழமையே ஒரு சின்னப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். பிழை விட்டால் திருத்துங்கள், பொறுப்பைத் திரும்பப் பறிக்காதீர்கள்.