கால் வராத குஞ்சை ஒதுக்கி விடாதீர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



கடன் வாங்கினது, திருப்பிக் கட்டினது பற்றி நிறையப் பேர் நல்லாப் பேசினாங்க. நான் அந்தக் கடனில் வாங்குகிற கோழிக் குஞ்சு, வாத்துக் குஞ்சு பற்றிப் பேச வந்திருக்கிறேன். குஞ்சு வாங்கின வீட்டில் எல்லாம் ஒன்றிரண்டு "கால் வராத குஞ்சு" இருக்கும். எழுந்து நிற்காது, காலைப் பரப்பிக் கொண்டு படுத்தே கிடக்கும். "அது தேறாது, ஒதுக்கிப் போடு" என்று சொல்லி விடுகிறோம். ஆனால் நோயைவிட முதலில் அதைக் கொல்வது பசியும் தாகமும்தான். தீவனத் தட்டு வரைக்கும் அதால் போக முடியாது, அவ்வளவுதானுங்க.

போன வருஷம் கூஸ் வாத்துக் குஞ்சு ஒன்று எனக்குக் கிடைத்தது. தோட்டத்துச் சாளைகளில் காவலுக்கு வளர்ப்பாங்களே, கழுத்து நீண்ட, ஆளைக் கண்டால் கத்துகிற பெரிய வாத்து, அதோட குஞ்சு. கட்டிங் வேஸ்ட் கொட்டுகிற பள்ளத்தில் தனியாகக் கிடந்தது. வாத்துக்காரரைக் கேட்டேன். "அது நடக்காதுங்க அம்மிணி, வேணும்னா நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லி விட்டார். அதைத் தேற்றும்போது கால்நடை டாக்டரிடம் கேட்டும், படித்தும் தெரிந்து கொண்டதைத்தான் சொல்கிறேன். பார்க்க வேண்டியது மூன்று: நூல், தரை, தீவனம்.

முதலில் நூல். இது நம்ம ஊருக்கென்றே உள்ள கஷ்டம். அந்தக் குஞ்சின் இடது காலில், விரல் தொடங்குகிற இடத்தில், ஓவர்லாக் நூல் நாலைந்து சுற்று சுற்றியிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவே இல்லை, கால் வீங்கி நூலை மூடிக் கொண்டது. இந்த நூல் பாலியஸ்டர். மக்காது, தானாக அறாது. குஞ்சு வளர வளரக் கால் பருக்கும், நூல் பருக்காது. ரத்த ஓட்டம் நின்று விரல் கருத்து விழுந்து விடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, பிசிறு வெட்டுகிற டிரிம்மரின் நுனியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தேன். ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் வெட்ட வேண்டும். ஆழமாக வெட்டியிருந்தால் நாமே இழுக்கக் கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இது நம்ம ஊரில் மட்டும் இல்லையுங்க. பாரிஸ் நகரத்தில் புறாக்களின் கால் விரல்களைக் கணக்கெடுத்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. முடி திருத்தும் கடைகள் அதிகமுள்ள இடங்களில்தான் விரல் இழந்த புறாக்கள் அதிகமாம். அங்கே முடி, இங்கே நூல்.

இரண்டாவது தரை. நோகிற காலைத் தூக்கியே வைத்திருந்ததால் குஞ்சின் மற்ற கால் பக்கவாட்டில் சறுக்கிப் போயிருந்தது. கோழிக் குஞ்சுக்கும் இது வரும். டைல்ஸ் தரை, பிளாஸ்டிக் தாள், வழுவழுப்பான செய்தித்தாள் மேல் விட்டால் பிஞ்சுக் கால் பிடிப்பில்லாமல் விரிந்து போகும். சாக்கு விரித்தாலே பாதி சரியாகி விடும். அந்தச் சாக்கிலும் பிரிந்த நூல் இருக்கக் கூடாது. மீதிப் பாதிக்கு மருந்து நம்ம பனியன் துணிதான். ஒரு விரல் அகலத்தில் துணி வெட்டி, இரண்டு காலையும் எட்டுப் போல் சுற்றி, இடுப்பகலத்துக்கு இடைவெளி விட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். ரப்பர் பேண்டு, கயிறு கூடவே கூடாது. பனியன் துணி இழுத்தால் வரும், இறுக்காது. தினமும் அவிழ்த்து, காலைப் பார்த்து, புதுசு கட்ட வேண்டும். புண்ணுக்கு மேலே கட்டக் கூடாது. முட்டையிலிருந்து வந்த முதல் சில நாளில் கட்டினால் மூன்று, நாலு நாளிலேயே பலன் தெரியும். எலும்பு முற்றி விட்டால் கஷ்டம்.

மூன்றாவது தீவனம். வாத்துக் குஞ்சுக்குக் கால் வளைவதற்குப் பெரிய காரணம் நியாசின் என்கிற வைட்டமின் குறைவு. ஒரு கிலோ தீவனத்தில் பிராய்லர் குஞ்சுக்கு 35 மில்லிகிராம் போதும். வாத்துக் குஞ்சுக்கு 55, கூஸ் குஞ்சுக்கு 65 வேண்டும். மக்காச்சோளத்தில் இருக்கிற நியாசின் உடம்பில் சரியாகச் சேராது. சோறும் சோளக் குருணையும் மட்டும் போட்டு வளர்த்தால் கால் எப்படி நிற்கும்? டாக்டர் சொன்ன அளவில் பி காம்ப்ளக்ஸ் சொட்டைத் தண்ணீரில் விட்டேன். கடலைப் புண்ணாக்கிலும் நியாசின் நிறைய உண்டு. ஆனால் பூஞ்சை பிடித்த புண்ணாக்கு விஷமுங்க. 1960-ல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கடலைப் புண்ணாக்குத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. வாத்துக் குஞ்சு அதையும்விட மென்மையான உயிர். புதுசாக இருந்தால் மட்டும் கொஞ்சமாகப் போடுங்கள். உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம். கூஸ் வாத்து புல் மேய்கிற இனம், அருகம்புல்லைப் பொடியாக நறுக்கிப் போட்டால் ஆசையாகத் தின்னும்.

தினமும் ஐந்து நிமிஷம் அகலப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டேன். உடம்பு பாரம் இல்லாததால் காலைத் தானாக உதைக்கும். பிறகு துடைத்து, பல்பு வெளிச்சத்தில் காய வைக்க வேண்டும், ஈரத்தோடு விட்டால் குளிர் பிடிக்கும்.

இன்னொன்று. வாத்துக் குஞ்சு முதலில் யாரைப் பார்க்கிறதோ அவரைத் தாயென்று நினைத்துப் பின்னாலேயே வரும். இதை ஆராய்ந்த ஆஸ்திரியா நாட்டு கொன்ராட் லாரன்ஸ் 1973-ல் நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர். தனியாக விட்டால் கத்திக் கத்தியே ஓய்ந்து விடும். அதனால் இரண்டு கோழிக் குஞ்சுகளோடு விட்டேன். மூன்று வாரத்தில் எழுந்து நடந்தது. ஒரு விரல் நுனி போய் விட்டது, இன்றைக்கும் கொஞ்சம் நொண்டும். ஆனாலும் ராத்திரி அந்நிய ஆள் வாசலுக்கு வந்தால் தெருவே எழுந்து விடும்.

எல்லாக் கால் நோயும் இப்படித் தேறும் என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த கோழி ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிப் படுத்தால் மேரெக்ஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, குஞ்சு பொரித்த அன்றைக்கே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குஞ்சு வாங்கும்போது ஊசி போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளைக் கழிச்சலிலும் கால் இழுக்கும். சந்தேகம் இருந்தால் அந்தக் கோழியைத் தனியாக வைத்து விட்டு 1962-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை. திருப்பூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, உடுமலையில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்து விட்டது. போய்க் கேட்க நமக்கு என்ன தயக்கம்?

குளத்துப் பறவை அடிபட்டுக் கிடைத்தால் மட்டும் வீட்டில் வைத்து வளர்க்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். நம்ம நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்து விட்டது. இமயமலை தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்குகிற குளம் அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் பிசிறு வெட்டுகிறோம். திண்ணையைக் கூட்டி நூலை வாசலில் தள்ளாமல், ஒரு சாக்குப் பையில் போட்டு வாய் கட்டி வையுங்கள். வேஸ்ட் வாங்குகிறவர் வந்தால் எடுத்துக் கொள்வார். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைத் தீர்மானமாக எழுதினால், குஞ்சு வாங்கின கடனும் நஷ்டமாகாது, வாயில்லா ஜீவனும் பிழைக்கும்.