மதுவும் மாதர் எலும்பும்

எலும்பை உயிரற்ற தூண் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது இடையறாது கரைந்தும் மீண்டும் கட்டப்பட்டும் வரும் உயிர்ப்பொருள்.

ஏறக்குறைய 30 வயதுக்குள் பெண்ணின் எலும்பு தன் முழுத் திண்மையை எய்திவிடுகிறது. பிற்காலத்துக்கான சேமிப்பு அதுவே. அவ்விளமையில் மது மிகுந்தால், எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் சோர்வுறுகின்றன, சேமிப்புக் குறைகிறது.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குன்றுவதால் எலும்பின் தேய்வு விரைகிறது. அப்போதும் மிகுகுடி தொடருமாயின் இழப்பின்மேல் இழப்பு. முதுமையிலோ மது நடையையும் தடுமாறச் செய்கிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோருள் பலர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதில்லை.

அளவாக அருந்தும் மூத்த மாதரிடம் எலும்புத் திண்மை சற்று மிகுந்திருப்பதாகச் சில ஆய்வுகள் கூறியதுண்டு. அதுகொண்டு மதுவை மருந்தெனக் கொள்ளலாகாது. உடல்நலத்துக்குக் கேடற்ற அளவு என மதுவில் ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது.

ஊர்விட்டு வந்து வாழும் நம்மிடையே, குடிப்பழக்கத்திற்கு ஆளான பெண், பழிக்கு அஞ்சி அதை மருத்துவரிடமும் மறைப்பதுண்டு. அப்பழிச்சொல்லை நாம் விட்டொழிப்போம். குடியை நிறுத்தியபின், எலும்பைக் கட்டும் அணுக்கள் சில வாரங்களிலேயே மீண்டும் தொழிற்படத் தொடங்குகின்றன. இழந்தது முற்றும் மீளாதெனினும் இருப்பதைக் காக்கலாம். மறையாது சொல்லுதலே அதற்கு முதற்படி.