வெட்டுக்கு முன்னும் வெட்டுக்குப் பின்னும்



ஒரு சின்னச் சோதனையோடு தொடங்கலாம். ஒரு தாளில் ஐந்து, ஐந்து, ஐந்து என்று எண்ணால் எழுதியிருக்கிறது. அதில் மொத்தம் எத்தனை எண்கள்? சட்டென்று சொல்லுங்கள். மூன்று, சரிதான். ஆனால் வாயில் முதலில் ‘ஐந்து’ என்றுதானே வந்தது? கண்ணில் பட்டதை அடக்கிவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல மனம் கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கிறது. இப்படி வரிசையாகப் பல கேள்விகள் கேட்டு, எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை தப்பு வந்தது என்று குறித்துக்கொள்வார்கள். எழுத்து தெரியாதவரிடமும் இதை நடத்தலாம். எண் தெரிந்தால் போதும்.

இதை நடத்திய இடம் நமக்குப் பக்கம்தான். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்துக் கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள் பதில் சொன்னார்கள். முடிவு 2013 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் சாவ். இவர்களில் முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். நினைவாற்றலையும் முடிவெடுக்கும் விதத்தையும் ஆராய்கிறவர்கள் இன்றும் விவாதிக்கிற ஆய்வு இது.

சென்னையின் தொழிற்சாலை வட்டாரமான நம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் கரும்பு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். வருகிறேன்.

கரும்பு விவசாயிக்குக் காசு பார்க்கிற நாள் அநேகமாக வருஷத்துக்கு ஒரு தடவைதான். வெட்டி, ஆலைக்கு ஏற்றி, பணம் கைக்கு வந்ததும் கொஞ்ச நாள் தாராளம். பிறகு கைமாற்று, கடன், அடகு. வெட்டுக்கு முன்பு அந்த விவசாயிகளில் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பிறகு அது 4 சதவீதம். ஆள் அதே ஆள், நிலமும் அதே நிலம். சில மாத இடைவெளியில் அவரே ஏழையாகவும் இருக்கிறார், கையில் காசுள்ளவராகவும் இருக்கிறார்.

அந்த இரண்டு வேளையிலும் அவருக்கே சோதனை வைத்தார்கள். எண் சோதனையை முடிக்க வெட்டுக்கு முன்பு சராசரியாக 146 நொடி ஆனது. பிறகு 131 நொடி. படங்களின் வரிசையில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்கும் இன்னொரு சோதனையில், முன்பு சராசரியாக நாலரைக்கும் குறைவான சரியான விடைகள். பிறகு ஐந்தரையை ஒட்டி.

இதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தேகம், இரண்டாம் தடவை எழுதுகிற பரீட்சை யாருக்கும் சுலபம்தானே என்பது. அதையும் யோசித்திருக்கிறார்கள். சுமார் நூறு பேரைத் தனியாக ஒதுக்கி வைத்து, வெட்டுக்குப் பிறகுதான் முதல்முறையாக அவர்களைக் கேட்டார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். சரி, மழை, வெயில், திருவிழா என்று பருவம் காரணமாக இருக்கலாமே? இதற்கு உதவியது சர்க்கரை ஆலை. எல்லாக் கரும்பையும் ஆலை ஒரே நாளில் அரைக்க முடியாது. அதனால் வெட்டு உத்தரவை முறை வைத்து மூன்று முதல் ஐந்து மாதத்துக்குப் பரப்பிக் கொடுக்கிறது. ஒரே வாரத்தில் ஒரு விவசாயி கையில் பணத்தோடு இருப்பார். பக்கத்து ஊர்க்காரர் உத்தரவுக்குக் காத்திருப்பார். ஆலையின் வசதிக்காகப் போட்ட முறையை ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்ட சாமர்த்தியம் இருக்கிறதே, முடிவைவிட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

எல்லோரும் இதை ஒப்புக்கொண்டார்களா என்றால், இல்லை. அதே கட்டுரையில் இருந்த வேறு சோதனைகளின் புள்ளிவிவரத்தை அலசிய விதம் சரியில்லை என்று அதே ஆண்டிலேயே மறுப்பு வந்தது. அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. அதில் யோசிக்கும் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. பண விஷயத்தில் மட்டும், நாளைக்குக் கிடைக்கும் பெரிய தொகையைவிட இன்றைக்குக் கிடைக்கும் சின்னத் தொகை போதும் என்கிற அவசரம் சம்பளத்துக்கு முன் கூடியிருந்தது. ஒரு மாதச் சம்பளத்துக்குக் காத்திருப்பதும் வருஷம் முழுக்க வெட்டுக்குக் காத்திருப்பதும் ஒன்றாகாது என்பது என் எண்ணம். ஆனாலும் விவாதம் முடியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இதில் நினைவாற்றல் எங்கே வருகிறது? நினைவு என்றதும், ஒரே நேரத்தில் பலவற்றை மனதில் வைத்துப் பதில் சொல்லும் கவனகர்கள் நமக்கு ஞாபகத்துக்கு வருவார்கள். நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கேள்விகளை ஒரே அமர்வில் கையாண்டு சதாவதானி என்று பெயர் வாங்கினார். மங்களூரில் வளர்ந்த ராஜன் மகாதேவன் 1981இல் ‘பை’ எண்ணின் 31,811 இலக்கங்களை மனப்பாடமாக ஒப்பித்தார். பிறகு அமெரிக்க உளவியலாளர்கள் அவரைச் சோதித்தார்கள். எண்களில் அவர் அசுரர். ஆனால் எண்ணை விட்டுவிட்டு வேறு குறிகளைக் காட்டியபோது, அவருக்கும் நம்மைப் போல ஆறு ஏழுதான் நின்றது.

எதையாவது செய்துகொண்டிருக்கும்போது மனதில் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம் எல்லோருக்குமே சின்னது. ஜார்ஜ் மில்லர் 1956இல் அது ஏழு பொருள் அளவு என்றார். நெல்சன் கோவன் 2001இல், இல்லை, நாலுதான் என்றார். கடன் கவலை வந்து உட்காருவது அந்தச் சின்ன இடத்தில்தான். போ என்றாலும் போகாது.

இப்போது அம்பத்தூருக்கு வருவோம். 1949இல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி, 1964இல் தொழிற்பேட்டை, அந்தப் பக்கம் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று இந்த வட்டாரம் ஷிப்டு மணியில் வளர்ந்தது. இன்று காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் ஒருவர் மனதில் என்னென்ன ஓடும்? சம்பளம் ஏழாம் தேதி வாக்கில். குழு லோன் வாரா வாரம். தண்டல்காரர் தினமும் சாயங்காலம். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ். நகை அடகு ரசீதில் திருப்ப வேண்டிய தேதி. இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கிற தலைக்கு, அம்மாவின் பிரஷர் மாத்திரையும் நினைவில் இருக்க வேண்டும், மெஷினில் அளவும் தப்பக்கூடாது. மறந்துவிட்டால், ‘பொறுப்பில்லாதவன்’ என்று வீட்டிலும் சொல்வார்கள், சூப்பர்வைசரும் சொல்வார். விழுப்புரத்து விவசாயிக்கும் வெட்டுக்கு முந்திய மாதத்தில் அந்தப் பெயர்தான் கிடைத்திருக்கும். அவர் பொறுப்பு வெட்டுக்குப் பிறகு எங்கிருந்தோ முளைத்து வரவில்லை.

அரசு உதவிக்கு விண்ணப்பம் வாங்குகிறவர்கள், பள்ளியில் சேர்க்கைப் படிவம் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். பத்துப் பக்கப் படிவத்தையும் ஐந்து நகல்களையும் கை மிகவும் முடையாக இருக்கிற வாரத்தில் கேட்டால், தகுதி உள்ளவரே பாதியில் விட்டுவிடுவார். விவசாயிக்கு உர யோசனையும் காப்பீட்டு யோசனையும் வெட்டுக்குப் பிறகு சொன்னால் காதில் ஏறும் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள்.

பணக் கவலையைப் போலத் தூக்கக் குறைவும் மனதைப் பாதிக்கிறதா என்று பார்த்த இன்னொரு ஆய்வு சென்னையிலேயே நடந்தது, 2021இல் வெளியானது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குக் கம்ப்யூட்டரில் தகவல் பதியும் வேலை கொடுத்து, மணிக்கட்டில் ஒரு கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். படுக்கையில் கிடந்தது எட்டு மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் வீடு உள்ளவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை: கொசு, புழுக்கம், ராத்திரி முழுக்க லாரி. ஆய்வாளர்கள் காதடைப்பான், கண்மூடி, ஃபேன் எல்லாம் கொடுத்தார்கள். கூடுதலாகத் தூங்கினால் பணமும் கொடுத்தார்கள். ராத்திரித் தூக்கம் 27 நிமிடம் கூடியது. பெரிய பலன் வரும் என்று நிபுணர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். வேலைத் திறனிலோ யோசனையிலோ மாற்றம் எதுவும் தெரியவில்லை! அடிக்கடி கலைகிற தூக்கத்தை இன்னும் அரை மணி நீட்டி என்ன பயன் என்பது ஒரு விளக்கம்.

பலன் கிடைத்தது மத்தியானம். வேலை இடத்திலேயே, சத்தமில்லாமல், அரை மணி நேரம் கண்ணயர விட்டபோது வேலையின் வேகம் கூடியது, மனம் தெளிந்தது, கவனம் கூர்மையானது. நம் தாத்தாக்கள் திண்ணையில் செய்ததுதான். ஆனால் ஒரு சிக்கலையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. அந்த அரை மணி சும்மா உட்கார்ந்து ஓய்வெடுத்தவரைவிடத் தூங்கியவர் அதிகம் சம்பாதித்தார். ஓய்வே எடுக்காமல் வேலை பார்த்தவரைவிடக் குறைவாகச் சம்பாதித்தார். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் இதில் எதைத் தேர்ந்தெடுப்பார்? அன்று மாலை தண்டலுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் பொறுத்தது அது.